ஒரு மீட்டர் குச்சியும் 150 மில்லிசெகண்டும்

உள்ளங்கையில ஒரு நீளக் கட்டைய நிக்க வச்சு விளையாடாத ஆளே இருக்க மாட்டாங்க. எனக்கு அது நல்லாவே வரும், ஒரு மீட்டர் குழாயை ஒரு நிமிஷம் அசால்ட்டா நிறுத்துவேன். அந்த தைரியத்துலதான் இந்த ப்ராஜெக்டையே ஆரம்பிச்சேன். ஒரு ரயில் (தண்டவாளம் மாதிரி நேரான சட்டம்), அது மேல ஓடுற வண்டி, வண்டி மேல கீல் வச்சு ஒரு குச்சி. பொதுவா இதை செய்றவங்க எல்லாம் பிஐடி கோட், அதாவது சாய்வைப் பாத்து தானா திருத்துற புரோகிராம், எழுதி குச்சிய தானா நிக்க வச்சு வீடியோ எடுப்பாங்க, எனக்கு அதுல ஆசை இல்ல, கம்ப்யூட்டர் மூளைய கழட்டிட்டு அந்த இடத்துல நானே உக்காந்து கையால ஓட்டணும், மனுஷன் எந்த இடத்துல தோத்துப் போறான்னு நம்பரா பாக்கணும், அவ்ளோதான்.

சாமான் எல்லாம் சாதாரணம்தான். 1.2 மீட்டர் அலுமினியம் ப்ரொஃபைல், 3டி பிரிண்டர்ல வர்ற அதே 2 மில்லி பிட்ச் டைமிங் பெல்ட், 20 பல் புல்லி, படிப்படியா சுத்துற ஸ்டெப்பர் மோட்டார் ஒண்ணு, எல்லாத்தையும் ஓட்ட ஆர்டுயினோ ஊனோங்கற சின்ன கண்ட்ரோல் போர்டு. கீலுக்கு ரெண்டு 608 பேரிங், அதாங்க ஸ்கேட்டிங் சக்கரத்துல இருக்குமே அது. புதுசுல உள்ள கிரீஸ் கெட்டியா இருக்கும், ரப்பர் சீலைக் கழட்டி கிரீஸை சுத்தமா கழுவிட்டு ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டா குச்சி ஃப்ரீயா ஆடும், இத செய்யாம விட்டா சின்ன சாய்வுல குச்சி சும்மா ஒட்டிக்கிட்டு நிக்கும், நாம நிறுத்திட்டோம்னு ஏமாந்துருவோம். சாய்வை அளக்க கீல்ல ஒரு மேக்னட் என்கோடர். கைக்கு 10 செ.மீ நீளம் ஓடுற ஒரு ஸ்லைடர் பொட்டென்ஷியோமீட்டர், அதை தள்ளினா வண்டி 80 செ.மீ ஓடும்.

முதல் நாள் ஒரு மீட்டர் குச்சிய மாட்டி நிமித்தி கைய எடுத்தேன். ஒரு செகண்ட் கூட நிக்கல. திரும்ப. திரும்ப. நாப்பது தடவைக்கு மேல போட்டிருப்பேன், அதிகபட்சம் ரெண்டு செகண்ட். குச்சி வலது பக்கம் சாயும், நான் தள்ளுவேன், வண்டி ஓடும், அதுக்குள்ள குச்சி இடது பக்கம் வந்துரும், நான் அந்தப் பக்கம் தள்ளுவேன், ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதை விட பெருசாகி நாலாவது ஆட்டத்துல வண்டி ரயில் முனையில போய் டப்புன்னு இடிக்கும். கையில ஒரு நிமிஷம் நிக்கிற அதே குச்சிதான்.

மோட்டாருக்கு பலம் பத்தலன்னு முடிவு பண்ணேன். 12 வோல்ட் சப்ளைய 24 ஆக்கினேன், டிரைவர் கரண்டை ஏத்தினேன், ஒரு முன்னேற்றமும் இல்ல, மோட்டார் மட்டும் சூடாச்சு. இங்க ஒரு கணக்கு போட்டிருந்தா ரெண்டு நாள் மிச்சம். குச்சி 5 டிகிரி சாஞ்சிருக்கும்போது அதைத் திருப்ப வண்டிக்கு தேவைப்படுற முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தோட அந்த கோணத்த பெருக்குனா வர்ற அளவுக்கு கொஞ்சம் மேல, 9.81 பெருக்கல் 0.087 (5 டிகிரி ரேடியன்ல), நொடிக்கு நொடி 0.86 மீட்டர். 10 டிகிரிக்கு 1.7. கோட்ல நான் வச்சிருந்த லிமிட்டே 3. அப்ப பலம் எப்பவோ இருந்துருக்கு.

அப்புறம்தான் போன்ல ஸ்லோமோஷன் எடுக்கணும்னு தோணுச்சு. நொடிக்கு 240 ஃப்ரேம்ல ஸ்லைடரும் வண்டியும் ஒரே படத்துல தெரியிற மாதிரி வச்சு, ஸ்லைடரை முன்னயும் பின்னயும் ஆட்டி எடுத்தேன். ஸ்லைடர் திரும்புற ஃப்ரேமுக்கும் வண்டி திரும்புற ஃப்ரேமுக்கும் நடுவுல எண்ணினா 36. இருபது தடவை எண்ணினேன், 34ல இருந்து 38க்குள்ளதான் வருது. 36ஐ 240 ஆல வகுத்தா 0.15 செகண்ட். நான் தள்ளி முடிச்சு 150 மில்லிசெகண்ட் கழிச்சு வண்டி அதை செய்யுது, நேர்ல பாத்தா கொஞ்சம் கூட தெரியல.

இது எங்கிருந்து வந்துச்சுன்னு தேடினது நல்ல கூத்து. ஸ்லைடர்ல கொஞ்சம் நாய்ஸ் இருந்துச்சு, ஊனோவோட 10 பிட் ரீடிங்ல ஒரு கவுண்ட் ஆடினாலே வண்டி முக்கால் மில்லி துடிக்கும், அதனால கடைசி 8 ரீடிங்கோட ஆவரேஜ் எடுத்தேன். தப்பே இல்லாத வேலை. தனியா, சாய்வை பாக்க ஒவ்வொரு லூப்லயும், அதாவது கோட் ஒரு சுத்து ஓடுற ஒவ்வொரு தடவையும், ஒரு வரி சீரியல்ல பிரிண்ட் பண்ணேன், 9600 பாட்ல. அதுவும் தப்பே இல்லாத வேலை. ஆனா 9600 பாட்னா ஒரு செகண்டுக்கு 960 எழுத்துதான் போகும், என் வரி 24 எழுத்து, அப்ப ஒரு வரிக்கு 25 மில்லிசெகண்ட், எழுத்து வரிசையில காத்திருக்கிற பஃபர் நிரம்பினதும் லூப் மொத்தமும் அங்க நின்னு காத்திருக்கும். லூப் 25 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை ஓடினா 8 ரீடிங் ஆவரேஜ் 200 மில்லிசெகண்ட் அகலம், அதுல கிட்டத்தட்ட பாதி, 87 மில்லிசெகண்ட், தாமதம். லூப்புக்கு காத்திருக்கறது சராசரியா 12. மிச்சம் 50 கிட்ட அந்த முடுக்க லிமிட்டால. ரெண்டு நல்ல பழக்கம் ஒண்ணோட ஒண்ணு பெருக்கி என் கழுத்தை அறுத்திருக்கு. மோட்டாரை நகத்துற ஸ்டெப் பல்ஸ் மட்டும் லூப்புக்கு காத்திருக்காம தனியா டைமர் இன்டரப்ட்ல ஓடினதால மோட்டார் சத்தம் வழவழன்னு இருந்துச்சு, அதான் சந்தேகமே வரல.

பிரிண்டை 115200 பாட்க்கு மாத்தி இருபது லூப்புக்கு ஒரு தடவைன்னு ஆக்கினேன், லூப் ஒரு மில்லிசெகண்ட்ல ஓட ஆரம்பிச்சுது, அதே 8 ரீடிங் ஆவரேஜ் இப்ப மூணரை மில்லிசெகண்ட்தான் திங்குது. முடுக்க லிமிட்டை 12க்கு ஏத்தினேன். திரும்ப ஸ்லோமோஷன்: 6 ஃப்ரேம். 25 மில்லிசெகண்ட்.

மோட்டார் அதே, குச்சி அதே, கை அதே. அன்னைக்கு சாயங்காலமே ஒரு மீட்டர் குச்சி 9 செகண்ட் நின்னுச்சு.

இப்ப ஏன்னு சொல்றேன், இதுதான் இந்த மொத்த வேலையில எனக்கு பிடிச்ச பகுதி. குச்சிய தலைகீழா தொங்க விட்டு கடிகார பெண்டுலம் மாதிரி ஆட விடுங்க, பத்து ஆட்டத்துக்கு எவ்ளோ நேரம்னு பாருங்க. என் ஒரு மீட்டர் குச்சிக்கு 16.4 செகண்ட், அதாவது ஒரு ஆட்டம் 1.64. தொங்கும்போது எவ்ளோ மெதுவா ஆடுதோ நிமித்தி வச்சா அவ்ளோ மெதுவா விழும், ரெண்டுக்கும் சமன்பாடு ஒண்ணுதான், ஒரே ஒரு ப்ளஸ் மைனஸ் குறி மாறும். அந்த 1.64ஐ ஒன்பதால வகுத்தா 0.18, அதாவது சாய்வு ஒவ்வொரு 0.18 செகண்டுக்கும் ரெண்டு மடங்காகும். அதே 1.64ஐ 4.44ஆல வகுத்தா 0.37. சாய்வையும் சாயிற வேகத்தையும் பாத்து திருத்துற ஒருத்தர், கண்ணுல பட்டதுல இருந்து வண்டி நகர்ற வரைக்கும் மொத்த தாமதம் இதுக்கு மேல இருந்தா என்ன திறமை இருந்தாலும் நிறுத்த முடியாது. 4.44ங்கறது பை பெருக்கல் ரூட் 2, தாமதம் உள்ள கண்ட்ரோல் கணக்குல இருந்து வர்றது.

என் தாமதம் எவ்ளோ? ஸ்கேல் விழவிட்டு பிடிக்கிற விளையாட்டு இருக்கே, தம்பிய விட்டு 30 செ.மீ ஸ்கேலை விழ விடச் சொல்லி பிடிச்சேன், சராசரி 19 செ.மீ விழுந்ததும் பிடிக்கிறேன், அதுக்கு ஆகுற நேரம் 0.197 செகண்ட். சரி 0.2ன்னு வச்சுக்குவோம். பழைய செட்டப்ல 0.2 கூட்டல் 0.15, 0.35. எல்லை 0.37. விளிம்புல கால் வச்சு நின்னுருக்கேன், தெரியாம. உள்ளங்கையில வச்சா 0.2 மட்டும்தான், அதான் அங்க அசால்ட்டா நின்னுச்சு.

இந்த எல்லைய சும்மா நம்பிட்டு விட முடியுமா, கோட்ல வேணும்னே தாமதம் சேக்குற மாதிரி ஒரு ரிங் பஃபர் போட்டேன். 20 மில்லிசெகண்ட் படியா ஏத்தினேன். கூடுதல் 60 வரைக்கும் வித்தியாசமே தெரியல, கொஞ்சம் கூர்ந்து பாக்கணும் அவ்ளோதான். 100ல குச்சி நிக்குது ஆனா எப்பவும் ஆடிக்கிட்டே நிக்குது, தோள்பட்டை இறுகுது. 120ல அஞ்சு செகண்ட் நிறுத்தினா பெருசு. 140ல முடியல, பத்து நாள் பழகியும் முடியல. 0.225 கூட்டல் 0.14, 0.365. காகிதத்துல போட்ட நம்பர் கண்ணு முன்னாடி விழுறத பாக்குறது தனி சந்தோஷம், விழுந்தது என் குச்சிதான்னாலும்.

குட்டைக் குச்சிங்க கதையும் அப்படியே. 50 செ.மீக்கு எல்லை 0.26, பழகின பிறகு இருபது செகண்ட் வரைக்கும் நிறுத்துறேன். 40 செ.மீக்கு 0.233, மூணு செகண்ட் ரெக்கார்ட். 30 செ.மீக்கு 0.202, அதுல என் கண்ணும் கையுமே 0.2 எடுத்துக்குதே, வண்டிக்கு மிச்சம் ஒண்ணும் இல்ல, ஒரு தடவை கூட நிக்கல. ஆனா அந்த 50 செ.மீ குழாய் 40 கிராம்தான், அதோட உச்சியில 60 கிராம் நட்டு போல்ட்டை டேப் போட்டு ஒட்டினேன், பத்து ஆட்டம் 11.6ல இருந்து 13.6 ஆச்சு, எல்லை 0.26ல இருந்து 0.306க்கு போயிருச்சு, அதாவது 69 செ.மீ குச்சி மாதிரி நடந்துக்குது. வெயிட்டு மேல இருந்தா கவுந்துரும்னுதான் எல்லாரும் நினைப்போம், கவுறத்தான் செய்யும், ஆனா மெதுவா. கனமான பக்கம் மேல இருந்தா நிறுத்துறது சுலபம்னு சின்னப் பிள்ளைங்களுக்கே தெரியும், ஏன்னு யோசிச்சதில்ல, அவ்ளோதான்.

இனி கை விஷயம். தாமதத்த குறைச்ச பிறகும் என்னால ஒரு மீட்டர் குச்சிய 15 செகண்டுக்கு மேல கொண்டு போக முடியல. நான் ஸ்லைடரை கெட்டியா பிடிச்சு ஒவ்வொரு அசைவுக்கும் பதில் சொல்லிக்கிட்டே இருந்தேன். பக்கத்துல உக்காந்து போன் பாத்துக்கிட்டிருந்த தம்பி சொன்னான், "அக்கா, நீ ஏன் அதை இப்படி புடிச்சு கொல்ற? அது பாட்டுக்கு சாயட்டும், கொஞ்சம் விடேன்." வந்த கடுப்புல, நீயே பண்ணு பாப்போம்னு எந்திரிச்சிட்டேன். அவன் ரெண்டு விரலால ஸ்லைடரை தட்டினான். பிடிக்கல, தட்டினான். டக். விட்டான். குச்சி லேசா சாஞ்சு போகும், டக். மூணாவது முயற்சியில 40 செகண்ட். எனக்கு ரெண்டு வாரம்.

கடுப்பை விழுங்கிட்டு படிக்க ஆரம்பிச்சேன். இயன் லோரமும் கூட இருந்தவங்களும் 2011ல இதையேதான் சோதிச்சிருக்காங்க, ஜாய்ஸ்டிக்கை விடாம பிடிச்சு ஓட்டுறதையும் லேசா தட்டித் தட்டி ஓட்டுறதையும் ஒப்பிட்டு. தட்டுறது ஒண்ணும் குறைச்சல் இல்ல, பல விதத்துல மேல். இயல்பா வர்ற வேகம் நொடிக்கு ரெண்டு தட்டு. நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் காரணம் இதுதான்: நம்ம கை செஞ்சதோட விளைவு கண்ணுக்கு வந்து சேர 0.2 செகண்ட் ஆகுது, அதுக்குள்ள இன்னொரு திருத்தம் கொடுத்தா எதோட விளைவு எதுன்னு குழம்பிப் போகும். ஒரு தட்டு, விளைவ பாரு, அடுத்த தட்டு. என் என்கோடர் ரெக்கார்டை எடுத்து பாத்தா அப்பட்டமா தெரியுது, நான் பிடிச்சு ஓட்டின ஓட்டத்துல குச்சி ப்ளஸ் மைனஸ் 4 டிகிரி ஆடியிருக்கு, அதுல பாதிக்கு மேல நானே கொடுத்த ஆட்டம். தட்டி ஓட்ட பழகின பிறகு ரெண்டு டிகிரிக்குள்ள.

ரைட் சகோதரர்களோட 1903 விமானத்துல இதே வியாதி இருந்திருக்கு. அதோட மூக்கு பக்கம் இருந்த மட்ட இறக்கை, மேல கீழ போறதுக்கு உள்ளது, லேசா திருப்பினா தானா இன்னும் திரும்பிக்கும், ஒரு பக்கம் அதிகமா போகும், திருப்பினா அந்தப் பக்கம் அதிகமா போகும்னு ஆர்வில் எழுதி வச்சிருக்காரு. விமானமோ அடிப்படையிலேயே நிலையில்லாதது. மேலயும் கீழயும் ஆடி ஆடித்தான் அந்த முதல் 12 செகண்ட், சுமார் 37 மீட்டர். என் 9 செகண்ட் சாயங்காலத்துக்கு அப்புறம் அந்த 12 செகண்ட் மேல எனக்கு மரியாதை ரொம்ப கூடிப் போச்சு, அவரு அந்த குச்சி மேலயே படுத்திருந்தாரு.

பார்வை எங்க இருக்கணும்ங்கறதும் முக்கியம். வண்டிய பாத்தா செத்தீங்க. உச்சியில ஆரஞ்சு டேப் சுத்தி அதை மட்டும் பாத்தேன், ஒரு டிகிரி சாய்வு உச்சியில 17 மில்லி, கீழ பாத்தா ஒண்ணுமே தெரியாது. ஆனா உச்சியையே பாத்தா வண்டி எங்க இருக்குன்னு மறந்து போய் ரயில் முனையில இடிக்கும். முனையில இருந்து நடுவுக்கு வர்றது ஒரு தனி வித்தை. வண்டி வலது முனையில இருக்கு, இடது பக்கம் வரணும், உடனே இடது பக்கம் தள்ளினா குச்சி வலது பக்கம் கவுந்துரும், அதனால முதல்ல இன்னும் கொஞ்சம் வலது பக்கம் தள்ளி குச்சிய இடது பக்கம் சாய விடணும், அப்புறம் அது பின்னாடியே ஓடி வரணும். இடம் இல்லாத பக்கம்தான் தள்ளணும்! கை ஒத்துக்கவே ஒத்துக்காது. சைக்கிள்ல வலது பக்கம் திரும்ப ஹேண்டில்பார் முதல்ல ஒரு நொடி இடது பக்கம் போகும்ல, அதே சமாச்சாரம், அங்க நமக்கு தெரியாமயே செய்றோம். நான் ரயில்ல ரெண்டு முனைக்கும் 15 செ.மீ முன்னாடியே சிவப்பு டேப் ஒட்டி, அது ஓரக்கண்ணுல பட்டதுமே வேலைய ஆரம்பிக்க பழகினேன்.

ஒரு நாள் எதுவுமே மாத்தாம எல்லாம் கெட்டுப் போச்சு. 15 செகண்ட் ஒழுங்கா நிக்கும், அப்புறம் திடீர்னு முதல் நாள் ஆட்டம் மாதிரி வளந்து வளந்து விழும். தேடினா, பெல்ட் நழுவுதேன்னு முந்தின நாள் வண்டியோட அதிகபட்ச வேகத்த நொடிக்கு 0.3 மீட்டருக்கு குறைச்சிருந்தேன், மறந்துட்டேன். சின்ன திருத்தத்துக்கு அது போதும். பெருசா ஒண்ணு வந்தா நான் ஸ்லைடரை வேகமா தள்ளுவேன், வண்டி அதோட உச்ச வேகத்துல மாட்டிக்கிட்டு பின்தங்கும், நான் திருப்பும்போது அது இன்னும் பழைய பக்கமே ஓடிக்கிட்டிருக்கும். அதாவது தாமதம் கூடிருச்சு, அதுவும் நமக்கு அவசரம்னு வர்ற நேரத்துல மட்டும். ஸ்வீடனோட கிரிப்பன் போர் விமானம் 1989 பிப்ரவரி 2ல லின்ஷோப்பிங்ல இறங்கும்போதும், 1993 ஆகஸ்ட் 8ல ஸ்டாக்ஹோம்ல கூட்டத்துக்கு முன்னாடி பறக்கும்போதும் விழுந்துச்சு, ரெண்டுலயும் விமானத்த திருப்புற தகடுங்களோட இதே மாதிரி வேக வரம்பும் பைலட்டோட கை அசைவும் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டது ஒரு காரணம். ரெண்டு தடவையும் அதே பைலட், ரெண்டு தடவையும் பிழைச்சுக்கிட்டாரு. நான் பெல்ட்டை இறுக்கிட்டு வேகத்த 1 மீட்டருக்கு ஏத்தினேன், சரியாச்சு.

மனுஷ கையே வேண்டாம்னு விட்ட கேஸும் இருக்கு. 1984ல பறந்த அமெரிக்க எக்ஸ்-29, முன்பக்கமா வளைஞ்ச இறக்கை உள்ளது, அதுல கோளாறு ரெண்டு மடங்காக சுமார் 0.12 செகண்ட். பைலட் பாத்து கை அசைக்கிற 0.2 செகண்டுக்குள்ள மூணு மடங்கு தாண்டிரும். என் 30 செ.மீ குச்சி ரெண்டு மடங்காக 0.1 செகண்ட், கிட்டத்தட்ட அதே வகையறா. அந்த விமானத்துல கம்ப்யூட்டர்தான் செகண்டுக்கு 40 தடவை வரைக்கும் திருத்திக்கிட்டே இருந்துச்சு, பைலட் எங்க போகணும்னு மட்டும் சொல்லுவாரு.

ரயில் கட்ட நேரமில்லாதவங்களுக்கு ஒரு சின்ன வேலை. 1966ல ஹென்றி ஜெக்ஸும் கூட்டாளிகளும் ஒரு சோதனை வெளியிட்டாங்க, ஸ்கிரீன்ல ஒரு கோடு, நடுவுல இருந்து எவ்ளோ தள்ளி இருக்கோ அவ்ளோ வேகமா இன்னும் தள்ளிப் போகும், நாம ஒரு கைப்பிடியால நடுவுல வச்சிருக்கணும், அந்த ஓடுற தன்மைய (லாம்டா) மெல்ல மெல்ல ஏத்துவாங்க, கைய விட்டுப் போற இடம்தான் உங்க மார்க். குடிச்சவங்க, களைச்சவங்க கை எவ்ளோ மந்தமாச்சுன்னு அளக்கவும் இந்த சோதனைய பயன்படுத்தியிருக்காங்க. வீட்டுல மவுஸ் வச்சு செய்ய இருபது வரி புரோகிராம்தான். ஒவ்வொரு ஸ்டெப்லயும் கோட்டோட இடத்தோட மவுஸ் இடத்த கூட்டி, லாம்டாவால பெருக்கி, டைம் ஸ்டெப்பால பெருக்கி சேத்துக்கிட்டே போகணும். லாம்டாவோட எல்லை சுலபம், ஒன்றை உங்க தாமதத்தால வகுத்தா வர்றது, 0.2க்கு 5. எனக்கு காலையில 4.6 வருது, ராத்திரி பதினொரு மணிக்கு 3.9. பழைய வயர்லெஸ் மவுஸ்ல 4.1, அதே காலை, அதே ஆள். தம்பிக்கு 5.1, அதை அவன் வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு.

இப்ப நிலவரம்: ஒரு மீட்டர் குச்சி 2 நிமிஷம் 10 செகண்ட், 50 செ.மீ 26 செகண்ட், 40 செ.மீ இன்னும் அதே மூணு. ஸ்லைடர் விகிதத்த எட்டுல இருந்து அஞ்சா குறைச்சதுல கை நடுக்கம் கொஞ்சம் அடங்கிருக்கு. 40ஐ ஏத்தணும்னா அந்த 25 மில்லிசெகண்ட்லதான் கை வைக்கணும், பெல்ட் இழுபடுறதுல ஒரு பங்கு போகுதுன்னு சந்தேகம், அடுத்த வாரம் ஒன்பது மில்லி அகல பெல்ட் போட்டு திரும்ப ஃப்ரேம் எண்ணப் போறேன். கீல்ல இடது பேரிங் வேற லேசா கடகடங்குது, அதையும் மாத்தணும்.